பனியும் மஞ்ஞும்

மூணாறு பேருக்கேற்ற ஊர். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் அங்கே கூடுகின்றன. ஒன்று மலையாளப் புழையைப் பேரில் வைத்திருக்கிறது, இன்னொன்று நம் வீட்டுத் தண்ணியை. கூடி ஓடுகிற நீரை அள்ளிக் குடிக்கும்போது தமிழர் ‘தண்ணி’ என்பார், பக்கத்தில் நிற்கும் மலையாளி ‘வெள்ளம்’ என்பார். நமக்கு வெள்ளம் என்றால் கரை உடைய வேண்டும். அவருக்கு ஒரு தம்ளர் போதும். கரை உடைந்தால் அவர் இன்னொரு சொல்லைக் கூட்டி ‘வெள்ளப்பொக்கம்’ ஆக்கிக்கொள்வார். 1924 ஜூலை மழை மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அடித்துப்போனது. அது கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். இவ்வளவு விலகிய இரண்டு சொற்களும் மதுவைக் குறிப்பதில் மட்டும் ஒரே வழியில் போயிருப்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்: நாம் ‘தண்ணி அடிக்கிறான்’ என்கிறோம், அவர்கள் ‘வெள்ளமடி’ என்கிறார்கள்.

ஹவுஸுக்கும் ஹோமுக்கும் என்ன வேறுபாடு என்று ஆங்கில வகுப்பில் எல்லாரும் உருப்போட்டிருக்கிறோம். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ, இடுக்கியின் குமுளியிலோ தேவிகுளத்திலோ வளர்கிற தமிழ்ப் பிள்ளைக்கு நெருங்கிய சொற்கள் பொருளில் பிரிகிற இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. கடைத்தெருவுக்குப் போய்வந்தாலே வந்துவிடும். கவனித்துப் பார்த்தால், இங்கே ஒரு சொல் தனியாகப் பொருள் மாறுவது குறைவு. பந்தியில் ஒருவர் தள்ளி உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரரும் நகர்வது மாதிரி, ஒன்று மாறினால் அதன் இணையும் மாறுகிறது.

பனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மூணாற்றுப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது தமிழ்ப் பத்திரிகை ‘உறைபனி’ என்று எழுதும். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். “பனியாணோ?” என்று ஒருவர் கேட்டால் வானிலையை விசாரிக்கவில்லை, நெற்றியைத் தொட்டுப் பார்க்கப்போகிறார். அப்படியானால் நம் பனிக்கு அவர்களிடம் என்ன பேர்? ‘மஞ்ஞு.’ அது நம் மஞ்சு, பழந்தமிழில் மேகம். மலைமுகட்டில் கிடந்த மஞ்சு இறங்கிப் புல்லில் உட்கார்ந்திருக்கிறது, புல்லில் இருந்த பனி மனிதன் உடம்புக்குள் புகுந்திருக்கிறது. இது எப்படி நடந்திருக்கும்? பழைய தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். குளிரிலும் நடுக்கம், காய்ச்சலிலும் நடுக்கம். இரண்டையும் சேர்க்கிற பாலம் அதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் மலையாளம் பழைய பனியை முழுக்கக் கைவிடவும் இல்லை. ரோஜாவுக்கு அங்கே ‘பனிநீர்ப்பூ’ என்று பேர். நம் நாக்கில் தேய்ந்து பன்னீராகிவிட்டது, அவர்கள் வாயில் பனியும் நீரும் தனித்தனியே கேட்கின்றன.

பாலக்காட்டுக் கூடல்லூரில் பிறந்த மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் 1964-இல் எழுதிய ‘மஞ்ஞு’ நாவலின் கதை நைனிதாலில் நடக்கிறது. அந்தத் தலைப்பைத் தமிழில் ‘பனி’ என்று வைத்தால் நமக்குக் குளிரும், மலையாளிக்குக் காய்ச்சல் அடிக்கும். ‘மஞ்சு’ என்றே வைத்தால் நமக்கு மேகம். மூன்று பொருளும் அந்தக் கதைக்கு ஆகாமல் போகாது.

இதைவிட நெஞ்சைத் தொடுவது தூங்குவது. மலையாளி உறங்குவார். அவர் மொழியில் தூங்குதல் என்றால் தொங்குதல். மலையாளப் பத்திரிகையில் ‘தூங்ஙி மரிச்சு’ என்று ஒரு சாவுச் செய்தி வந்தால், தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு என்று தமிழர் ஆறுதல்படக்கூடும். அங்கே எழுதியிருப்பது தூக்குப்போட்டுக்கொண்ட கொடுமை. இரண்டில் எது மூத்த பொருள் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது: பனையோலையில் கூடு கட்டித் தொங்கவிடுகிற தூக்கணாங்குருவி, தூக்குத்தண்டனை, தூக்குச்சட்டி. தொட்டிலிலோ ஊஞ்சலிலோ தொங்கி அசைந்தபடி கண்ணயர்ந்த ஏதோ ஒரு காலத்தில் தமிழ் இந்தச் சொல்லை உறக்கத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். மலையாளம் தொங்கலோடு நின்று, தராசுக்கும் அதையே வைத்துக்கொண்டது. ‘தூக்கம்’ என்றால் அங்கே எடை. குமுளி ஏலக்காய்க் கடையில் தூக்கம் குறைந்தால் கோபம் வரும், யாருக்கும் கொட்டாவி வராது.

ஏலக்காய் என்றதும் இன்னொன்று. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. தமிழில் சரக்கும் ஏலம், விற்பனையும் ஏலம். மலையாளத்தில் விற்பனை ‘லேலம்’. விற்பனையைக் குறிக்கும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, அதன் முதல் எழுத்தை அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

பனி, தூக்கம் மாதிரி உருவம் ஒத்துப் பொருள் மாறுகிற சொற்களைப் பற்றிய ஒரு நூலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 1928-இல் ‘பொய் நண்பர்கள்’ என்றே பேர் வைத்தார்கள். அந்தப் பேர் எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் ‘டியர்’ மான், அதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘டீர்’ எல்லா விலங்குக்கும் பொது. இதில் பொய் சொன்னது யார்?

மதிப்பிலும் சொற்கள் இடம் மாறுகின்றன. தமிழில் பணி உயர்ந்த சொல்: அரசுப் பணி, பணி நியமனம். ஜோலி சில்லறைச் சொல்: “உனக்கு வேற ஜோலி இல்லையா?” பாலக்காட்டுக்குள் போனால் அப்படியே தலைகீழ். சர்க்கார் ‘ஜோலி’ கிடைத்தால் இனிப்பு கொடுப்பார்கள், மண்வெட்டி எடுப்பவர் ‘பணி’க்குப் போகிறார். ‘பணி கிட்டி’ என்று இளைஞன் சொன்னால் வகையாக மாட்டிக்கொண்டான் என்று பொருள்.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸுக்கும் கூலிக்குமாகச் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பேர் ‘பெம்பிளை ஒருமை’. மலையாளத்தில் ‘ஒரும’ என்றால் ஒற்றுமை. தமிழ் இலக்கணத்தில் ஒருமை பன்மைக்கு எதிர், ஒற்றை ஆள். ஒற்றை ஒற்றையாகக் கொழுந்து கிள்ளுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்றபோது இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலிலும் அந்தப் பேரைச் சொல்லியே நின்று, சில இடங்களில் ஜெயித்தார்கள்.