நற்செயலுக்கு விலை: ‘ரொம் சோயர்’ நாவலின் இரு அத்தியாயங்கள்

பிள்ளைகளை நல்வழிப்படுத்தப் பரிசு கொடுக்கலாமா என்ற வினா கல்வியியலாளர்க்கே உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அவ்வினாவைக் கலைஞன் ஒருவன் எத்துணைக் கூர்மையாக எழுப்பக்கூடும் என்பதற்கு, மார்க் ருவெயின் 1876 இல் வெளியிட்ட ‘ரொம் சோயரின் சாகசங்கள்’ தக்க சான்றாகும். அந்நாவலின் நான்காம் அத்தியாயத்தில் வரும் ஞாயிறு பாடசாலைக் காட்சியைச் சமயப் போலித்தனத்தை எள்ளும் பகுதியாக மட்டும் வாசித்துச் செல்வோர் பலர். அவ்வாசிப்புத் தவறன்று, ஆயினும் போதியதன்று.

அப்பாடசாலையின் ஏற்பாடு கணக்கப்பிள்ளை ஒருவரின் மூளையிற் பிறந்தது போன்றது. வேத வசனம் இரண்டினை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் பிள்ளைக்கு ஒரு நீலச் சீட்டு. பத்து நீலம் ஒரு சிவப்புக்குச் சமம். பத்துச் சிவப்பு ஒரு மஞ்சளுக்குச் சமம். பத்து மஞ்சட் சீட்டுச் சேர்த்தவனுக்கு எளிய கட்டுடைய வேதாகமம் ஒன்று பரிசு. அதாவது, ஈராயிரம் வசனங்களுக்கு ஈடாக நாற்பது சதம் பெறுமதியான ஒரு நூல். சீட்டுக் கைமாறக்கூடியது, மனனம் கைமாறாது. இவ்வேறுபாட்டை மேற்பார்வையாளர் வோல்ற்றர்ஸ் கருதிப் பார்க்கவில்லை, ரொம் பார்த்தான். போளைகளையும் தூண்டில் முள்ளையும் தின்பண்டத்தையும் கொடுத்துத் தோழரிடம் சீட்டு வாங்கி, ஒன்பது மஞ்சள், ஒன்பது சிவப்பு, பத்து நீலம் என நீட்டுகின்றான். (கூட்டிப் பார்ப்போர் கணக்குப் பிசகாதிருப்பதைக் காண்பர்.)

இவ்விடத்தில் ருவெயினின் நோக்கு மிக நுண்ணியது. ரொம் ஈராயிரம் வசனம் கற்றிருக்க இயலாதென்பதை வோல்ற்றர்ஸ் நன்கறிவார். ஆயினும், சீட்டுகள் செல்லுபடியானவை. பரிசை மறுக்க வழியில்லை. அதுமட்டுமன்று. நீதிபதி தச்சர் வருகை தந்திருக்கும் அவ்வேளையில் ஒரு பரிசை வழங்கிக் காட்டவேண்டுமென்ற ஆவல் அவரை முன்னரே பற்றியிருந்தது. பரிசு யாருக்காக வழங்கப்படுகின்றது என்ற கேள்வியை இதனினும் அடக்கமாகக் கேட்டுவிட இயலாது. முதற் சீடர் இருவரின் பெயரைக் கேட்டதும் தாவீதும் கோலியாத்தும் என்று ரொம் உளறுகின்றான். அவமானம் உண்மையில் வோல்ற்றர்ஸுக்கே உரியது. மூவாயிரம் வசனங்களை ஒரே மூச்சில் ஒப்புவித்துப் புத்தி மழுங்கிப்போன ஜேர்மன் சிறுவனைப் பற்றிய கேலி இரக்கமற்றது. இன்றைய வாசகர் அதில் நகைப்பது அரிது. எனினும், விருந்தினர் முன் நிறுத்திக் காட்ட அவன் இல்லாது போயினனே என்பதே மேற்பார்வையாளரின் துயரம் என்ற குறிப்புக் கேலியைக் கடந்து நிற்கின்றது.

பரிசு ஒருபோதும் பயன் தராதென ருவெயின் வாதிடவில்லை. அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஐந்து வசனங்களோடு மல்லாடும் ரொம், நல்லதொரு பொருள் தருவேன் என மேரி ஆசைகாட்டியதும் உற்சாகத்தோடு படித்து முடித்துப் பேனாக்கத்தியொன்றைப் பெறுகின்றான். பரிசு வேலையை முடித்துவைத்தது. வசனத்தின்பால் விருப்பத்தை உண்டாக்கவில்லை.

இதன் மறுபக்கமே இரண்டாம் அத்தியாயம். தண்டனையாகப் பலகை வேலிக்கு வெள்ளையடிக்கும் ரொம், அவ்வேலையை எளிதிற் கிட்டாத பேறுபோல நடிக்க, தோழர் தம் உடைமைகளைக் கொடுத்துத் தூரிகையை வாங்குகின்றனர். பணம் செலவிட்டு நாற்குதிரை வண்டி ஓட்டும் இங்கிலாந்துச் செல்வர், அதற்கே கூலி தருவதாயின் விலகிவிடுவர் என ஆசிரியர் இடையிற் புகுந்து கூறுகின்றார். வேலியிற் சேர்த்த அச்செல்வமே பின்னர் சீட்டுகளை வாங்கும் முதலாகின்றது. இரு அத்தியாயங்களும் ஒரே வாதத்தின் இரு கூறுகள் என்பதற்குக் கதையமைப்பே சாட்சி.

இக்கூற்றை லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகிய உளவியலாளர் 1973 இல் வெளியிட்ட ஆய்வோடு ஒப்பிடுதல் தகும். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான, படம் வரைவதில் ஏலவே விருப்பமுடைய பாலரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். பொன்னட்சத்திரமும் நாடாவும் பதித்த சான்றிதழ் தருவதாகச் சிலர்க்கு முன்கூட்டியே கூறி வரையச் செய்தனர். ஓரிரு வாரங்களின் பின், இவர்கள் தாமாக வரைவதிற் செலவிட்ட நேரம் பரிசே பெறாதோர் செலவிட்டதில் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. எதிர்பாராது அதே சான்றிதழைப் பெற்றோரிடம் இவ்வீழ்ச்சி இல்லை. ஆகவே நட்சத்திரத்தைக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. முன்கூட்டிப் பேசிய பேரமே குற்றவாளி. முன்பே விருப்பமில்லாத வேலையில் இத்தகைய இழப்பு நேர்வதில்லையெனப் பின்வந்த ஆய்வுகள் காட்டியமையும் மனங்கொள்ளத்தக்கது. மேரியின் பேனாக்கத்தி ரொம்மைக் கெடுக்காதது அதனாலேயே.

நாவலில் ஒரு குறையும் உண்டு. தாவீது, கோலியாத்து என்ற விடை வந்ததும் ஆசிரியர் திரையை இழுத்துவிடுகின்றார். அந்த வேதாகமம் மீளப் பெறப்பட்டதா, அடுத்த ஞாயிறு நீலச் சீட்டுகள் வழமைபோல் வழங்கப்பட்டனவா என்பவற்றை அவர் கூறவில்லை. வோல்ற்றர்ஸ் என்ன கற்றார் என்பதை அறியவே வாசகர் காத்திருக்கின்றனர்.