கடல் உறையும்போது உப்பு எங்கே போகிறது?

கடற்பனியை ரசிக்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள், மேசைக்கரண்டியால் இரண்டு. கடல்நீரின் உப்பு ஏறத்தாழ இவ்வளவுதான். சில சொட்டு பீட்ரூட் சாறு விட்டு, எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, பக்கங்களையும் அடியையும் பழைய துண்டால் நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். குளிர் மேலிருந்து மட்டும் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் துண்டு. கடலும் மேலிருந்துதான் உறைகிறது. பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் இருக்கட்டும்.

சில மணி நேரம் கழித்து எடுத்தால், கிண்ணத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கெட்டியாக இருக்கும். டப்பாவில் படர்ந்திருப்பதோ விரலால் அழுத்தினால் நெகிழும் நொறுநொறுப்பான பனி. தூக்கிச் சாய்த்துப் பிடித்தால் இழை இழையாகச் சிவப்பு நீர் வடியும். நன்றாக வடியவிட்டு ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள், உப்பு குறைந்திருக்கும். அடியில் தங்கிய நீர் முன்னைவிட அதிகமாகக் கரிக்கும். பனிப் படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை என்று எத்தனையோ முறை படித்திருந்தும், இதைச் செய்து பார்த்த அன்றுதான் எனக்கு அது உறைத்தது. உறையும் நீர் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த உப்பு போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போனால் கடற்பனியின் அழகில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

டைட்டானிக் மோதிய பனிமலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நிலத்தில் பெய்த பனி காலங்காலமாக இறுகி, உடைந்து கடலில் விழுந்த நன்னீர்க் கட்டி. கடற்பனி கடலே உறைந்து உண்டாவது.

கடல் அவ்வளவு எளிதில் உறையாது. ஏரித் தண்ணீர் 4 டிகிரியில் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலேயே தங்கி உறைந்துவிடும். உப்பு நீர் அப்படியல்ல, உறையும் வரை கனத்துக்கொண்டே போகும். மேலே குளிர்ந்த நீர் மூழ்க மூழ்க, அடியிலிருந்து கதகதப்பான நீர் எழுந்து வந்து அதன் இடத்தைப் பிடிக்கும். மேலடுக்கு முழுவதும், பல இடங்களில் நூறு மீட்டர் ஆழம் வரை, மைனஸ் 1.8 டிகிரியை நெருங்கிய பிறகே முதல் படிகம் தோன்றும்.

அதன்பின் நடப்பதைப் படங்களில் பார்க்கும்போது அவசரப்படக் கூடாது. சில மில்லிமீட்டர் ஊசிகளும் தகடுகளும் கோடிக்கணக்கில் திரண்டு, கடல்மேல் எண்ணெய் கொட்டியதுபோல் மங்கலாகப் படரும். சிற்றலைகள் அடங்கிவிடும். காற்று இல்லாத நாளாக இருந்தால் அந்தக் கூழ் இறுகி, மெல்லிய கரிய தாளாகும். நிலாஸ் என்று பெயர். அடியில் அலை போனால் உடையாமல் அதுவும் கூடவே ஏறி இறங்கும். இரண்டு நிலாஸ் தாள்கள் நெருக்கிக்கொண்டால், ஒன்றின் விளிம்பு மாறி மாறி மற்றதன் மேலும் கீழும் நுழைந்து, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் சதுரம் சதுரமாகப் பின்னிக்கொள்ளும். எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான். அலையடிக்கும் கடலில் வேறு கதை. அங்கே கூழ் வட்டத் தட்டுகளாகத் திரண்டு, ஒன்றோடொன்று இடித்து இடித்து ஆப்பம் போல் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரு பனிப்பரப்பின் படத்தைப் பார்த்தே அது பிறந்த அன்று கடல் அமைதியாக இருந்ததா, கொந்தளித்ததா என்று சொல்லிவிடலாம்.

தள்ளப்பட்ட உப்பு முழுவதும் உடனே கடலுக்குள் போய்விடுவதில்லை. கொஞ்சம் மேலே ஏறும்: கடுங்குளிரில் இளம்பனியின் மேல் இறகு இறகாய்ப் பூக்கும் பனிமலர்கள் அந்த உப்புநீரை உறிஞ்சிக்கொண்டு, கடல்நீரைவிட அதிகமாகக் கரிக்கும். இன்னும் கொஞ்சம் பனிக்குள்ளேயே மயிரிழைக் கால்வாய்களில் தங்கும். அங்கே நுண்பாசிகள் வாழ்கின்றன. வசந்தத்தில் பனியின் அடிப்பக்கம் பழுப்பேறிக் கிடப்பது அவற்றால்தான். அண்டார்க்டிக்கில் இறால் போன்ற கிரில்களின் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனிக்கடியில் மேய்ந்து பிழைக்கின்றன. கோடைகளைத் தாண்டி நிற்கும் பனியிலிருந்து உப்பு மெல்ல வடிந்துவிடும். அதனால்தான் ஆர்க்டிக் மக்கள் பழைய கடற்பனியை உருக்கிக் குடிநீராக்கிக்கொள்ள முடிகிறது.

அந்தப் பழைய பனிதான் இன்று அரிதாகிவிட்டது. 1980களின் நடுவில், குளிர்காலக் கடைசியில் ஆர்க்டிக் பெருங்கடலின் பனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நான்கு வயதைத் தாண்டியதாக இருந்தது. இப்போது நூற்றில் ஐந்துகூட இல்லை. 2012 செப்டம்பரில் மொத்தப் பனிப்பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது, இந்தியாவின் பரப்பைவிடச் சற்றே அதிகம். 1979 முதல் 2000 வரையிலான சராசரியில் இது ஏறக்குறையப் பாதி. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் அநேகமாக உயராது என்பது உண்மை. ஆனால் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. திறந்த கடல் தன்மேல் விழும் வெயிலில் 6 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். வெறும் கடற்பனி 50 முதல் 70 சதவீதமும், மேலே புதுப்பனி பெய்திருந்தால் 90 சதவீதம் வரையும் அனுப்பிவிடும். பனி விலகிய இடத்தில் கடல் வெயிலைக் குடிக்கிறது, சூடேறுகிறது, பக்கத்துப் பனியையும் கரைக்கிறது. 1979க்குப் பின் ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பனியைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தை யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். துருவக் குளிர்காலத்தில் இருட்டுதான் தெரியும் என்பதால் மே, ஜூன் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினால், ஃப்ராம் நீரிணை வழியாகத் தெற்கே வெளியேறும் பனி, பாலில் டிகாஷன் கலக்கும்போது விழுமே, அந்தச் சுழிகளைப்போல் சுருண்டு கிடக்கும். நீரிணையின் பெயர் நார்வேயின் துருவப் பயணி நான்சனின் கப்பலுடையது. பனியின் நகர்வோடு மிதந்து போவதற்காக 1893-ல் சைபீரியாவுக்கு வடக்கே கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார் அவர். 1896-ல் அது ஸ்வால்பார்ட் அருகே வெளியே வந்தது.

கடலுக்குள் இறங்கிய உப்புக்கு வருவோம். அண்டார்க்டிக் கரையில் சில இடங்களில் கண்டத்தின் உச்சியிலிருந்து இறங்கும் காற்று, உறைய உறையப் புதுப்பனியைத் தள்ளிக்கொண்டே போகும். திறந்த நீர் மறுபடி உறையும், மறுபடி உப்பைக் கொட்டும். இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இருப்பது பிரிட்ஸ் விரிகுடாவின் கிழக்குப் பக்கம். மேற்கே கேப் டார்ன்லியில் அப்படி ஓர் இடம் உண்டு. அங்கே பிறக்கும் கனத்த உப்புநீர் ஆழ்கடலுக்கு இறங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல் அறிவித்தார்கள். கடலடியில் நிறுத்திய கருவிகளோடு, யானைச் சீல்களின் உடலில் பொருத்திய கருவிகளும் அளவுகளைத் தந்தன.

இப்படி அண்டார்க்டிக் ஓரங்களில் மூழ்கும் நீர், ஆக்சிஜனையும் சுமந்துகொண்டு தரையோடு தரையாக வடக்கே ஊர்ந்து இந்தியப் பெருங்கடலின் அடியில் பரவுகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் மேல்நீர் 28 டிகிரி சூட்டில் இருக்கும்போது, நான்கு கிலோமீட்டர் கீழே ஒன்று இரண்டு டிகிரிக் குளிரில் கிடக்கும் நீரில் அந்த உறைபனிக் கரைகளிலிருந்து வந்த குளிர் இருக்கிறது.