கணினிப் பாடமும் கலந்தாய்வு விண்ணப்பமும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு சிறுநகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் சேர்ந்துவிடும். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. விண்ணப்பம், சான்றிதழ் பதிவேற்றம், கல்லூரி விருப்பப் பட்டியல் எல்லாம் திரையில்தான். மாணவி நாற்காலிக்குப் பின்னால் நிற்க, விசைப்பலகையில் கடைக்காரரின் கை ஓடும். மின்னஞ்சல் முகவரியை அவரே தொடங்குவார், பாஸ்வேர்டையும் அவரே வைப்பார். பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறதோ, எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்பதும் அவர் கைக்குப் போய்விடக்கூடும். அரசே உதவி மையங்கள் நடத்துகிறது, அது நல்ல காரியம். ஆனால் கடையில் அப்படி நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களில் இரண்டு ஆண்டு கணினி அறிவியல் படித்து, அதில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களும் உண்டு. பள்ளிக் கணினிப் பாடத்தை எடைபோட எனக்கு இதைவிடச் சரியான இடம் தெரியவில்லை.

இந்தியப் பள்ளிகளுக்குக் கணினி வந்து நாற்பது ஆண்டு ஆகிறது. 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகளைச் சில நூறு பள்ளிகளுக்குத் தந்தது. இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும் என்பதே அன்றைய நோக்கம். தொண்ணூறுகளில் மென்பொருள் வேலைகள் பெருகியதும் வேலைவாய்ப்பு நோக்கமானது. பிறகு அலுவலக மென்பொருள்களைக் கையாளும் திறமை முன்னுக்கு வந்தது. தமிழ்நாட்டின் மேல்நிலைப் பாடநூலில் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை, எந்தச் சுருக்குவிசைக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன். வீட்டில் ஒரு கணினியைக் கண்ணால் காணாத குடும்பங்களுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, சொந்தமாக ஒன்று கிடைத்தது. ஆனால் பொருள் ஒரு வழியாக வந்தது, பாடம் வேறு வழியாகப் போனது. மடிக்கணினியை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்று பாடத்திட்டம் சொல்லவில்லை.

2018-19இல் பாடத்திட்டம் மாறியது. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், அடுத்த ஆண்டு பன்னிரண்டில் பைத்தான். செயற்கூறு, மடக்கு, இனக்குழு என்று கலைச்சொற்களோடு தமிழ்வழி மாணவர்க்கும் முழுப் பாடநூல். கட்டணமின்றிக் கிடைக்கும், இன்றைக்குத் தொழிலில் புழங்கும் ஒரு மொழியை அரசுப் பள்ளிப் பிள்ளை தமிழில் படிக்க முடிந்தது. இதைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை.

அந்தப் பாடம் மாணவரின் கையில் என்னவாகிறது என்று பார்க்க ரெக்கார்டு நோட்டைத் திறக்க வேண்டும். கோடிட்ட வலப்பக்கத்தில் நிரல், கோடில்லாத இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதிய வெளியீடு. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி இலக்கணத்தின் பகுதி. இஃப் என்ற வரிக்குக் கீழுள்ள வரி உள்தள்ளி இல்லையென்றால் நிரல் ஓடாது. நோட்டில் அது தள்ளியிருந்தாலும் ஒன்றுதான், தள்ளாவிட்டாலும் ஒன்றுதான். காகிதம் எதையும் திருப்பி அனுப்பாது. வெளியீடு என்ன வர வேண்டுமோ அது முன்கூட்டியே தெரிந்திருப்பதால் எழுதியவுடன் சரியாகிவிடுகிறது. தேர்வில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ ஆசிரியரின் நேரமும் அங்கேதான் போகும். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான செய்மூர் பேப்பர்ட் 1980இல் எழுதிய நூலில் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டினார். திரையில் ஓர் ஆமை. நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் சதுரம் வரும். முக்கோணத்துக்கு அறுபது பாகை திரும்பச் சொல்லும் குழந்தைக்கு முக்கோணம் வராது, ஆமை எங்கோ போகும். குழந்தை தானே எழுந்து தரையில் நடந்து பார்த்து, திரும்ப வேண்டியது நூற்றிருபது என்று கண்டுபிடிக்கும். பிழை வெளியே தெரிகிறது, அதைத் திருத்தும் வேலை குழந்தையுடையது. பேப்பர்ட்டின் நம்பிக்கைகள் எல்லாம் பலித்துவிடவில்லை. ஆனால் பிழையைத் தேடித் திருத்தும் அந்த நேரம்தான் கணினிப் பாடத்தின் உயிர் என்பதில் அவர் சொன்னது இன்றும் நிற்கிறது. பாடநூல் நிரலை அப்படியே தட்டச்சு செய்து, ஓடியதும் கையெழுத்து வாங்கும் வகுப்பில் அந்த நேரமே இல்லை.

வணிகவியல் பிரிவினருக்கான கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பேஜ்மேக்கர் இருப்பதைப் பலர் குறை சொல்வார்கள். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். குறை நியாயமானது, ஆனால் முழுமையானதல்ல. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் பல அச்சகங்களில் அது நெடுங்காலம் ஓடியது. அதைக் கற்ற பிள்ளைக்கு உள்ளூரில் ஒரு வேலை கிடைத்திருக்கலாம். மென்பொருள் பழையதா புதியதா என்பதைவிட, ஒன்றைக் கற்றவர் அடுத்ததைத் தானே பழகிக்கொள்ளும் அளவுக்குக் கற்றாரா என்பதையே நான் கேட்பேன். பத்தி, ஓரம், எழுத்துரு, பக்க அமைப்பு ஆகியவை எந்த மென்பொருளுக்கும் பொது. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு மென்பொருள் மாறினால் எல்லாம் மறைந்துவிடும்.

இவையெல்லாம் பிளஸ் ஒன்னில் கணினிப் பிரிவை எடுத்தவர்களைப் பற்றிய பேச்சு. உயிரியல், வரலாறு, தொழிற்கல்வி என்று போகிறவர்களுக்கும், பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறவர்களுக்கும் என்ன கிடைக்கிறது? பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடமாகக் காட்சித் தொடர்பியல் வருகிறது. அதில் ஸ்கிராட்ச் உண்டு. குழந்தைகள் ஓட்டிப் பார்த்துக் களிக்க வேண்டிய மென்பொருள் அது. பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் கடைசிப் பாடத்தின் கதி ஆசிரியர்களுக்குத் தெரியும். ஸ்கிராட்ச்சின் பகுதிகளுடைய பெயர்கள் ஒரு மதிப்பெண் கேள்விகளாகச் சுருங்கிவிடுகின்றன. கணினி எழுத்தறிவு எல்லோருக்கும் உரியது, கணினி அறிவியல் விரும்பி எடுப்பவருக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டாவதை மட்டும் நடத்துகிறோம். நம் ஏற்பாட்டின் பெரிய பிழை இதுதான் என்பது என் முடிவு.

பிள்ளைகளுக்குத்தான் செல்போன் அத்துப்படியாயிற்றே, பள்ளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2023இல் 14 முதல் 18 வயது வரையிலான ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ‘ஏசர்’ கல்விநிலை ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். ஆனால் வீட்டில் கணினி இருந்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே. அந்தப் போனும் யாருடையது? பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதத்தினருக்குச் சொந்த போன் இருந்தது, பெண்களில் 19.8 சதவீதத்தினருக்கு. அண்ணன் தந்தால் தொடலாம் என்ற நிலையில் இருக்கும் தங்கைக்குப் பள்ளி ஆய்வகம் ஒன்றுதான் வழி. விரலால் காணொளியைத் தள்ளிப் பார்ப்பதிலிருந்து ஒரு கோப்பை எங்கே சேமித்தோம் என்று அறிவதற்கு நெடுந்தூரம். இப்போது உரையாடி விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவை சொல்வது சரியா என்று சோதிக்கப் பழகாத பிள்ளைக்கு அந்தத் தூரம் இன்னும் கூடுகிறது.

இங்கிலாந்து வேறு வழியில் தவறியது. அலுவலக மென்பொருள் பழக்குவது சலிப்பூட்டுகிறது என்று 2012இல் ராயல் சொசைட்டி அறிக்கை சொன்னது. 2014 செப்டம்பரில் பழைய பாடத்தை எடுத்துவிட்டு, ஐந்து வயதிலிருந்தே படிமுறையும் நிரலும் கற்பிக்கும் புதிய பாடத்தைக் கொண்டுவந்தார்கள். துணிச்சலான மாற்றம். ஆனால் 2017இல் அதே ராயல் சொசைட்டி மறுபடி பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட பள்ளிகளில் பதினாறு வயதுத் தேர்வுக்கான கணினி அறிவியலே நடத்தப்படவில்லை. அந்தத் தேர்வை எழுதியவர்களில் பெண்கள் ஐந்தில் ஒருவர்தான். எல்லோருக்குமான எளிய பாடத்தைத் தூக்கியபோது அதைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. ஆறாம் வகுப்பிலிருந்தே கோடிங் என்ற பேச்சு நம்மிடமும் எழும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

கேரளம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கி, கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, எஸ்.எஸ்.எல்.சி. தேர்விலேயே கணினி முன் உட்காரவைத்துச் சோதிக்கிறார்கள். ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் அனிமேஷன், வன்பொருளோடு மலையாளக் கணிமையும் ஒரு பயிற்சி. தமிழ்ப் பிள்ளைக்குத் தன் மொழியில் இப்படி ஒரு பயிற்சி கிடைக்கவில்லையே என்பதுதான் என் பெரிய ஆதங்கம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பில் படித்ததே விரலுக்கு வருகிறது. இதைப் பழக்கச் சில வாரம் போதும். பழக்காததால் தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்தவர்களும் ஒரு மனுவைத் தமிழில் தட்டச்சு செய்யக் கடை தேடுகிறார்கள்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இன்று ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளில் உள்ளன. ஆறு முதல் பத்து வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பாடவேளையை அங்கே ஒதுக்க வேண்டும். அதற்கென்று ஓர் ஆசிரியர் வேண்டும், அவரை ‘எமிஸ்’ தளத்தில் பள்ளி விவரங்களைப் பதியும் வேலைக்கு இழுக்கக் கூடாது. எழுத்துத்தேர்வு வேண்டாம். சொந்த மின்னஞ்சலை உருவாக்கி யாருக்கும் சொல்லாத பாஸ்வேர்டு வைப்பது, இரண்டு இணையதளங்கள் முரண்படும்போது எதை நம்புவது என்று காரணம் காட்டுவது, ஓடாத நிரலில் பிழையைக் கண்டுபிடிப்பது, பஞ்சாயத்துத் தலைவருக்குத் தமிழில் ஒரு பக்க மனு அடிப்பது எல்லாவற்றையும் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்து மதிப்பெண் தரலாம். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு மாதிரிக் கலந்தாய்வு விண்ணப்பத்தையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் நிரப்பியிருக்க வேண்டும்.