ஓடாத காற்றழுத்தியும் ஒன்பது காரணங்களும்

அண்மையில் கோவை கணபதியிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வீட்டின் பின்புறத்தில் அவர் சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். அங்குள்ள 2 குதிரைத்திறன் கம்ப்ரசர், அதாவது காற்றழுத்தி, சில நாட்களாக ஓடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் 'ம்ம்' என்று முனகும். பிறகு பியூஸ் போய்விடும். நண்பர் தடித்த பியூஸ் கம்பியைப் போட்டார். பியூஸ் நின்றது, மோட்டாரின் காயில் கருகியது! புதிதாகக் காயில் கட்டி, மின்தேக்கியையும் மாற்றிப் பொருத்தினார். மீண்டும் அதே முனகல்.

இயந்திரத்துடன் வந்த கையேட்டை என்னிடம் நீட்டினார். "ஒன்பது காரணம் போட்டிருக்குதுங்க. எதை மொதல்ல பாக்கறதுன்னு போடலீங்களே" என்றார்.

அக்கையேட்டை வெளியிட்டவர் யார் என்பது இங்கு முக்கியமன்று. நான் கண்ட வேறு சில கையேடுகளும் ஏறத்தாழ இப்படியே உள்ளன. எனவே இதனை ஓர் எழுத்துமுறை பற்றிய விமரிசனமாகவே வாசகர்கள் கொள்ள வேண்டுகிறேன்.

நிறையை முதலில் கூறிவிடுவோம். எண்ணெய் அளவைப் பார்த்தல், தொட்டியில் தங்கும் நீரை வடித்தல், பாதுகாப்பு வால்வில் கைவைக்கலாகாது என்னும் எச்சரிக்கை ஆகியவை படங்களுடன் தெளிவாக உள்ளன. 'மோட்டார் ஓடவில்லை' என்னும் பக்கத்தில்தான் குறை தொடங்குகிறது. பியூஸ், மின்தேக்கி, குறைந்த மின்னழுத்தம், வால்வுக் கசிவு ஆகிய யாவும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. எதற்குப் பின் எது என்ற முறையும் இல்லை. ஏன் என்ற விளக்கமும் இல்லை. காய்ச்சலின் காரணங்களை எழுதிக் கொடுப்பவர் மருத்துவராகிவிடுவாரா?

அப்பக்கத்தை எவ்வாறு எழுதியிருக்கலாம்? காதிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

ஓசையே இல்லையா? முதலில் அழுத்தமானியைப் பாருங்கள். தொட்டியில் போதிய காற்று இருந்தால் அழுத்த ஸ்விட்ச் மோட்டாரை ஓடவிடாது. இது பழுதே அன்று! அழுத்தம் குறைந்தும் ஓசை இல்லையெனில், பிளக், பியூஸ், மிகைச்சுமைக் காப்பு, அழுத்த ஸ்விட்சின் முனைகள் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

முனகுகிறதா? மின்சாரம் வருகிறது, சுழற்றத்தான் வலுவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் காற்று முழுவதையும் வெளியேற்றி, பெல்ட் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையெனில் பம்ப் இறுகிவிட்டது. எளிதில் சுற்றினால், காலித் தொட்டியுடன் ஓட்டிப் பாருங்கள். காலியாக இருக்கையில் ஓடி, காற்று நிறைந்து நின்றபின் மீண்டும் ஓட மறுத்தால், வால்வுகளை ஐயுறலாம். கம்ப்ரசர் நிற்கும்போது 'ஸ்ஸ்' என்று கேட்கும் ஓசை, பம்பின் தலையில் சிக்கிய காற்று வெளியேறும் ஓசையாகும். அது கேட்காவிட்டால் மோட்டார் அடுத்தமுறை அந்த அழுத்தத்தை எதிர்த்துப் புறப்பட வேண்டும். ஓசை ஓயாமல் நீடித்தால் ஒருவழி வால்வு கசிகிறது எனலாம்.

தொட்டி காலியாக இருந்தும் முனகினால் எஞ்சும் முக்கிய ஐயங்கள் இரண்டு: மின்தேக்கியும் மின்னழுத்தமும். மின்தேக்கி இணைப்பை எடுத்த பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும், வெறுங்கையால் தொடலாகாது.

நண்பரின் மின்தேக்கி புதியது. சக்கரமும் எளிதில் சுற்றியது. ஆனால், வீட்டிலிருந்து பட்டறைக்கு 20 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஓடியது. போக வர 40 மீட்டர். மின்தடை சுமார் 0.7 ஓம். இத்தகைய மோட்டார் புறப்படும் நொடியில் 50 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். அப்போது கம்பியிலேயே 35 வோல்ட் போய்விடும். 230 வோல்ட் 195 ஆகும். முறுக்குவிசையோ மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே நூற்றுக்கு 72 பங்கே மிஞ்சும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 9 வோல்ட் மட்டுமே. கம்ப்ரசரை வீட்டு மீட்டர் அருகே நகர்த்தி ஓட்டினோம். உடனே ஓடியது!

மின்னழுத்தம் குறைந்தால் கிணற்று மோட்டார் முனகும் என்பதைக் கொங்கு உழவர் நன்கறிவர். அவ்வனுபவத்தைத் தொட்டு ஒரு வரி எழுதியிருந்தால் நண்பர் காரணத்தைத் தாமே கண்டிருப்பார். கையேடு விளக்காத இடத்தில் துணிச்சல் புகுந்துவிடுகிறது. தடித்த பியூஸ் கம்பி காயிலை எரிக்கும்; அழுத்த ஸ்விட்சைத் தவிர்த்து நேராக இணைத்தாலோ தொட்டியே வெடிக்க நேரலாம்.

இன்னொரு குறை, கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் தொழில் வளர்ந்த ஊர் கோவை. 1937-இலேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர். இங்கு இயந்திரம் செய்யும் கைகளும் பழுது பார்க்கும் கைகளும் பெரும்பாலும் தமிழில் சிந்திப்பவை. அவர்களுக்கு ஒரு பக்கம், தமிழில், காரணத்தோடும் வரிசையோடும் எழுதித் தருவது பெருஞ்செலவாகாது. எரியும் ஒரு காயிலின் விலையோடு ஒப்பிட்டால் அது மிக மலிவு.