கண்ணும் நெஞ்சும்: அஹ்மத் ராமியின் பாடல்கள் குறித்து

நம் அரபுக் கல்லூரிகளின் அதபுப் பாடம் முஅல்லகாத்தில் தொடங்கி, முதனப்பியில் நெடுநேரம் தங்கி, ஷவ்கி, ஹாஃபிஸ் இப்ராஹீம் ஆகியோரோடு நின்றுவிடுகிறது. அஹ்மத் ராமியின் பெயர் வந்தால், உமர் கய்யாமை அரபியில் தந்தவர் என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். அவர் பாட்டெழுதியவர், அதிலும் பேச்சு வழக்கில் எழுதியவர் என்பதை என் ஆசிரியர்கள் சற்றுக் குரலைத் தாழ்த்தியே சொன்னார்கள். நல்ல கவிஞர் கெட்டுப்போனார் என்பது அதன் பொருள். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். அந்தத் தீர்ப்பு தவறு என்று இப்போது கருதுகிறேன்.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் ஃபிக்ஹு விவாதத்துக்குள் இங்கே நுழையவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஸமாஉக்கென்றே ஒரு கிதாபை ஒதுக்கியிருக்கிறார்கள். விரும்புவோர் அங்கே பார்த்துக்கொள்ளலாம். என் பேச்சு சொல்லைப் பற்றியது.

ராமி 1892-இல் கெய்ரோவில் பிறந்தவர். மருத்துவரான தந்தையோடு இளமையில் சிறிது காலம் ஏஜியன் கடலின் தாஸோஸ் தீவில் வளர்ந்தார். 1914-இல் ஆசிரியர் கல்லூரியில் தேறி, 1918-இல் முதல் திவானை வெளியிட்டார். 1922-இல் பாரசீகமும் நூலகவியலும் கற்க பாரிஸ் சென்று 1924-இல் திரும்பினார். பின்னர் எகிப்தியத் தேசிய நூலகமான தாருல் குதுபில் பணி. நூலகரின் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான். மற்றதெல்லாம் இசைத்தட்டில் இருக்கிறது.

அவர் பாரிஸில் இருந்தபோது அவருடைய ஃபுஸ்ஹா கவிதையொன்றுக்கு ஷெய்கு அபுல் அலா முஹம்மத் இசையமைத்திருந்தார். ‘அஸ்ஸப்பு தஃப்ளஹுஹு உயூனுஹு’ என்னும் அக்கவிதையை, நாட்டுப்புறத்திலிருந்து கெய்ரோ வந்து சில காலமே ஆகியிருந்த இளம் பாடகி உம்மு குல்ஸூம் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய கவிஞர் தம் சொற்களை அக்குரலில் கேட்டார். அன்று தொடங்கிய உறவில் அவர் ஒருவருக்கென்றே நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் பிறந்தன.

அக்காலச் சந்தையை நினைவில் கொள்ள வேண்டும். 1920-களின் கெய்ரோவில் இசைத்தட்டு வணிகம் கொழித்தது. அதிகம் விற்றவை ‘தக்தூகா’ என்னும் இலேசான பாடல்கள்: பல்லவி திரும்பத் திரும்ப வரும், சொல் பெரும்பாலும் கேலியும் கிளுகிளுப்பும். தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடமே ஓடும். அதற்குள் அடங்கும் சரக்கு அது. மறுபுறத்தில் கஸீதா இருந்தது. அதைச் சுவைக்கப் படிப்பு வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் ராமியும் இசையமைப்பாளர் முஹம்மத் அல்கஸப்ஜியும் ‘மோனோலோக்’ என்னும் தனிமொழிப் பாடலை நிலைநிறுத்தினார்கள். அதில் பல்லவி இல்லை. ஒருவன் தன் நெஞ்சோடு பேசத் தொடங்கி, ஓர் எண்ணத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே போவான். பல்லவி இல்லாததால் கவிஞர் ஒரு கருத்தை வளர்த்துச் செல்ல முடிந்தது.

1928-இல் கிராமபோன் கம்பெனிக்காகப் பதிவான ‘இன் குன்து அஸாமிஹ்’ அதன் சிறந்த எடுத்துக்காட்டு. தட்டு மிகப் பெரும் அளவில் விற்றது. அதன் கரு இது: நடந்ததை மன்னித்து மறந்துவிட நெஞ்சு இசையலாம், ஆனால் விழித்தும் அழுதும் துன்பத்தைச் சுமந்த கண்கள் அதற்கு இசையுமா? அவற்றின் நிந்தனையிலிருந்து மீள்வது எப்படி? கேட்பவருக்கு இது ஒரு காதலனின் புலம்பல். அதபு படித்தவருக்கோ பழைய வழக்கொன்றின் விசாரணை. கண்ணுக்கும் இதயத்துக்கும் இடையே நடக்கும் முனாளராவை இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ‘ரவ்ளத்துல் முஹிப்பீன்’ நூலில் ஒரு பாபாகவே அமைத்திருக்கிறார்கள். பார்த்த கண் குற்றவாளியா, விரும்பிய இதயம் குற்றவாளியா என்பது அரபுக் கஸல் மரபு நூற்றாண்டுகளாக வாதாடிய வழக்கு. ராமி அதை எடுத்து, மன்னிக்கும் அதிகாரம் இவ்விரண்டில் எதற்கு என்று கேள்வியைத் திருப்பிவிட்டார். கேள்வியின் இந்தத் திருப்பம் அவருடையது.

இன்னொன்றையும் பாருங்கள். அவரது முதல் ஃபுஸ்ஹா பாடலிலும் காதலனைக் காட்டிக்கொடுப்பவை கண்களே. நான்காண்டுகளில் மொழி மாறிற்று, படிமம் மாறவில்லை. கவிஞர் கீழே இறங்கினார் என்போர் எதிலிருந்து இறங்கினார் என்று சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஒரு சோதனை செய்து பார்த்திருக்கிறேன். எகிப்திய வழக்கை ஒருபோதும் கேட்டிராத நம் மாணவர்களிடம் ராமியின் பாட்டொன்றை எழுத்தில் கொடுத்தேன். ‘அல்லதீ’ என்பதற்கு ‘இல்லி’ என்பது போன்ற சில துணைச் சொற்களை விளக்கியதும் பெரும்பகுதியைத் தாமே புரிந்துகொண்டார்கள். ஹிஜ்ரான், விஸால், ஸுஹ்த், தய்ஃபு: எல்லாம் ஜமீலிடமும் அப்பாஸ் இப்னுல் அஹ்னஃபிடமும் பழகிய சொற்கள். இஃராபு மட்டுமே உதிர்ந்திருக்கிறது. அதே மாணவர்களிடம் பைரம் அத்தூனிஸியின் ஸஜலைக் கொடுத்தபோது திகைத்துப்போனார்கள். எழுத்தறியாத எகிப்தியக் குடியானவருக்குக் கஸலின் அகராதியை ஊட்டியவர் ராமி. மத்ரஸாக்களால் எட்ட முடியாத காதுகள் அவை.

இந்தப் பாடல்களையெல்லாம் பாடகியின்மீது கவிஞர் கொண்ட நிறைவேறாக் காதலின் நாட்குறிப்பாக வாசிக்கும் வழக்கம் அரபுலகில் பெருகிக் கிடக்கிறது. கதையாக அது சுவையானது. விமர்சனமாக அதற்கு மதிப்பில்லை. அப்படி வாசித்தால் அப்பாஸ் இப்னுல் அஹ்னஃபின் ஃபௌஸையும் நாம் தெருத்தெருவாகத் தேட வேண்டியிருக்கும்.

குறையையும் சொல்லியாக வேண்டும். ராமியின் உலகம் குறுகியது. அவருடைய காதலிக்கு முகமில்லை, ஊரில்லை, வீதியில்லை. இரவு, கண்ணீர், காத்திருப்பு, மீண்டும் இரவு. 1940-களின் ‘ரக்கல் ஹபீப்’ போன்ற உச்சங்களில் இதுவே ஆழமாகிறது: நெடுநாள் பிரிவுக்குப்பின் சந்திக்க நாள் குறிக்கப்படுகிறது; கனவில் வேறெதையும் கண்டுவிடக் கூடாதே என்று காதலன் உறங்க அஞ்சுகிறான். உளநுட்பம் இதைவிட எங்கே போகும்? ஆனால் ஐம்பது பாடல்களைத் தொடர்ந்து கேட்டால் ஓர் அறைக்குள் அடைபட்ட உணர்வு வருகிறது. உலகப் போர்க் காலத்தில் உம்மு குல்ஸூம் பைரமையும் ஸகரிய்யா அஹ்மதையும் நாடியது தற்செயலன்று. பைரமின் சொல்லில் தெருவின் புழுதி உண்டு. ராமியிடம் அது கடைசிவரை வரவில்லை. 1965-இல் அப்துல் வஹ்ஹாப் இசையமைத்த ‘இன்தல் ஹுப்பு’ வரைக்கும் வரவில்லை.

கய்யாமுக்கு வருவோம். நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் தந்தது ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலக் கய்யாமை. 1912-இல் வதீஉல் புஸ்தானி அரபியில் தந்ததும் ஆங்கிலவழிக் கய்யாமையே. ராமி பாரசீகத்திலிருந்தே பெயர்த்தார். பாரிஸில் இருந்தபோது அவரை எட்டிய சகோதரரின் மரணச் செய்தி அந்தச் சொற்களின் துயரத்தில் கலந்திருக்கிறது. 1924-இல் வந்த அந்நூலின் சில ருபாஇகளை 1950-ஐ ஒட்டி ரியாளுஸ் ஸுன்பாதியின் இசையில் உம்மு குல்ஸூம் பாடினார்.

நூலில் வைகறைக் குரல் வருவது ‘ஹான்’, அதாவது மதுக்கடையிலிருந்து. பாட்டில் அது ‘கைபு’ ஆகிவிட்டது. நூலில் நிரப்பச் சொல்வது ‘திலா’, மதுக் கிண்ணத்தை. பாட்டில் ‘முனா’, ஆசைகளின் கிண்ணத்தை. யாப்பு சிறிதும் குலையவில்லை, இரண்டே சொற்கள். முடிவில் தவ்பாவை ஏற்குமாறு இறைவனிடம் மன்றாடும் ருபாஇ வருகிறது. அதுவும் ராமியின் நூலில் உள்ளதே; ஆனால் கடைசியில் நிற்பதால் முன்னவை அனைத்தும் அதை நோக்கி நடந்தவை போல் ஒலிக்கின்றன. ஐயங்களோடு உழன்ற ஒரு நீஷாபூர்க்காரர் பாட்டு முடிவதற்குள் தொழுகை விரிப்புக்கு வந்துசேர்கிறார்.

மார்க்க உணர்வுள்ள பலர் இம்மாற்றத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் இரு மனம். கேட்கும்போது கண் கலங்குகிறது. அந்த இறுதிப் பகுதியில் ஸுன்பாதியின் இசை ஒரு துஆவின் பணிவோடு இறங்குகிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ராமி மதுக்கடையை மதுக்கடை என்றே எழுதினார். ஸூஃபிக் குறியீடாக அதை வாசிக்க விரும்புவோருக்கும் முதலில் அந்தச் சொல் வேண்டுமே! ‘கைபு’ என்று எழுதிவிட்டால் வாசகர் கடக்க வேண்டிய தூரத்தைப் பாடகியே கடந்துவிடுகிறார். ஆதலால் என் வகுப்பில் அச்சிட்ட நூலையே முதலில் வாசிக்கவைக்கிறேன். மாணவர்கள் ‘ஹானில்’ ஒரு நாள் தடுமாறுகிறார்கள். தட்டைப் பற்றி மறுநாள்தான் பேசுகிறோம்.