பொம்பரிப்புத் தாழிகளும் நமது ஆய்வுரைகளும்

இலங்கையின் தொல்வரலாறு பற்றித் தமிழில் நிகழும் ஆய்வுரைகளிற் பொம்பரிப்பு இடம்பெறாதது அரிது. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டினுள் அமைந்த அவ்வீமத்தாழிப் புலத்தை 1920களில் ஹோக்காட்டும், 1956–57இல் தொல்லியல் திணைக்களமும், 1970இல் விமலா பெக்லியும் அகழ்ந்தனர். உரையாளர் இவற்றை விரைந்து கூறிக் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களைப் படத்திற் காட்டியதும், தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூருக்குத் தாவிவிடுவார். அத்தாவல் ஆதாரமற்றதன்று, தாழி, கலம், அடக்கமுறை ஆகியவற்றின் ஒப்புமை அறிஞர் பலர் சுட்டியதே. குறை அதன் பின்னரே தொடங்குகிறது. “ஆகவே இவர்கள் தமிழர்” என்று ஓர் அரங்கிலும், “அல்லர்” என்று மற்றோர் அரங்கிலும் தீர்ப்பு வழங்கப்பட, உரை முடிந்துவிடுகிறது.

1970ஆம் ஆண்டு அகழ்வின் அறிக்கை 1981இல் வெளிவந்தபோது, பெக்லியுடன் பற்களை ஆராய்ந்த ஜோன் லூக்காக்ஸும், எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கெனடியும் அதில் எழுதினர். நமது உரைகள் மட்பாண்டப் பகுதியை எடுத்துக்கொண்டு எலும்புப் பகுதியை விட்டுவிடுகின்றன. வேண்டிய விடையை எலும்பு தருவதில்லை என்பதே இதற்குக் காரணம் போலும். சிதைந்து, துண்டுபட்டு, ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோருடையனவாகவும் கிடைக்கும் எச்சங்களிலிருந்து இறந்தவரின் வயதையும் நோயையும் பல்லின் தேய்வையும் ஓரளவு அறியலாம். நாவிலிருந்த மொழியை அறிய வழியில்லை. ஆதிச்சநல்லூரே இதற்கு எச்சரிக்கை. 1930இல் சொலி சக்கர்மன் அங்கிருந்து வந்த இரு மண்டையோடுகளை ஆராய்ந்து அவற்றை வெவ்வேறு வகையினவாகக் கண்டார். இரண்டே மண்டையோடுகளை வைத்து ஒரு மக்கட்கூட்டத்தின் இனவரலாற்றை எழுப்ப முடியுமா? கெனடியோ 1995இல் எழுதிய கட்டுரையில், தொல்பழங்கால எலும்புக்கூடுகளில் ஆரியரை இனங்காணும் முயற்சியையே மறுத்தார். அம்மறுப்பை மகிழ்ந்து வரவேற்போர், திராவிடரை இனங்காணும் முயற்சிக்கும் அது பொருந்தும் என்பதை மறப்பது வியப்பிற்குரியது.

அடக்கமுறை மொழியைக் காட்டுமா என்பதைச் சோதிக்கப் பொம்பரிப்புக் காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. புத்தளத்திலிருந்து சிலாபம் செல்லும் வீதியிலுள்ள மதுரங்குளியில் நின்று பார்த்தாலே போதும். இப்பகுதியின் முஸ்லிம், கத்தோலிக்கர், இந்துக்கள் ஆகியோரிடையே தமிழ் வழங்குகிறது; அவர்தம் ஈமமுறைகளோ வெவ்வேறு. தெற்கே உடப்பு மக்கள் தமிழைக் காத்து நிற்க, சிலாபம் நீர்கொழும்புக் கரையில் பாட்டனார் தமிழிற் செபித்த குடும்பங்களின் பேரர் சிங்களத்திற் செபிக்கின்றனர். அதே குருதி; அதே வலை; அதே கல்லறைச் சிலுவை; மொழி மட்டுமே மாறியது. இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் இக்கரையை அகழ்வோன் ஒரே மொழியினரை மூன்று இனமாகவும், இருமொழியினரை ஓரினமாகவும் எழுதிவைப்பான். இக்கரையோரத்திலேயே வாழும் மாணவனுக்குத் தாழியைக் காட்டி இனம் சொல்லும் உரையாளர், அவன் நாள்தோறும் காண்பதை மறக்கும்படி கேட்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

எழுத்துக் கிடைத்தவிடத்து நிலை வேறு. 1980இல் ஆனைக்கோட்டை அடக்கமொன்றில் வெளிப்பட்ட பிராமி எழுத்துடைய முத்திரையை முன்வைத்து மொழி பற்றி வாதிடலாம். அது வாசிக்கத்தக்க சான்று. அச்சான்றின் வலிமையைப் பொம்பரிப்புத் தாழிக்கும் கடனாகக் கொடுப்பது முறையன்று.

தென்மேற்கு மழைக்காட்டுக் குகைகள் இவ்வகையில் நற்பேறுடையன. பாகியன் குகை மாந்தரை யாரும் சிங்களவரா தமிழரா எனக் கேட்பதில்லை. அதனாலேயே அவர்கள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளின் முன்னர் குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடி உண்டதும், எலும்பிற் கூர்முனை செய்ததும் 2019, 2020ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளில் விரிவாகத் தெரியவந்தன. வினா வேறாக, விடையும் செழித்தது. பொம்பரிப்பு மாந்தர் நெல்லுண்டனரா, களப்பு மீனுண்டனரா, அவர்தம் குழந்தைகள் எத்தனை வயதில் மாண்டனர் என்னும் வினாக்களுக்கு அப்பற்களும் எலும்புகளுமே முதற்சான்று. லூக்காக்ஸின் பகுதியைத் தமிழில் எடுத்துரைக்க முன்வரும் உரையாளர் எவரோ, அவருக்கே அவ்வரங்கு உரியது.