மண்டேலாவின் ஓட்டு ரகசியமானதா?

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், தியேட்டருக்குப் போகாமல் நேராக விஜய் டிவிக்கு வந்த படம் மடோன் அஸ்வினின் 'மண்டேலா'. கதை பலருக்கும் தெரிந்ததுதான். சூரங்குடி என்ற ஊர் வடக்கு, தெற்கு என்று சாதியால் பிரிந்து கிடக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்குப் பெரியவரின் இரண்டு மகன்களும் எதிரெதிரே நிற்கிறார்கள். தலையை எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். அந்த நேரம் பார்த்து, ஊரே 'இளிச்சவாயன்' என்று கூப்பிட்டு ஓசியில் வேலை வாங்கிக்கொண்டிருந்த முடிதிருத்துபவருக்கு நெல்சன் மண்டேலா என்று ஒரு பெயரும், வாக்காளர் அட்டையும் கிடைக்கின்றன. ஊரின் தலையெழுத்து இப்போது அந்த ஒற்றை ஓட்டில்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலே பேச்சு காசுக்கும் இலவசத்துக்கும் போய்விடுகிறது. நியாயம்தான், படமும் அங்கேதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. எனக்கு உறைத்தது வேறு. மண்டேலா யாருக்குப் போட்டாலும் அது ரகசிய ஓட்டு கிடையாது. மற்ற எல்லாருடைய ஓட்டும் எங்கே விழும் என்று ஊருக்குத் தெரியும். ஒரு ஓட்டில் யார் ஜெயிக்கிறாரோ அவருக்குத்தான் மண்டேலா போட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்து அவருடைய சீட்டைத் தேட வேண்டியதே இல்லை. கழித்தால் போதும்.

நான் பிழைப்புக்கு டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவன். எங்கள் வேலையில் இது பழைய பாடம். பத்து பேர் உள்ள ஒரு டீமின் சராசரிச் சம்பளத்தை மட்டும் வெளியில் சொன்னால் யார் சம்பளமும் தெரியாது என்று தோன்றும். பதினோராவது ஆள் சேர்ந்த பிறகு மறுபடியும் சராசரியைச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர் சம்பளத்தை ஒரு நிமிஷத்தில் போட்டுவிடலாம். கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பவரை, கூட்டத்தின் கணக்கை வைத்தே வெளியே இழுக்க முடியும். மண்டேலாவுக்கு நடப்பது அதுதான். முதலில் பரிசுகள் வருகின்றன, பேரம் முற்றியதும் மிரட்டலும் அடியும் வருகின்றன. அவர் பயப்படுவதற்குக் காரணம் கோழைத்தனம் இல்லை. தன் ஓட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

பயம் ஒருவருடைய ஓட்டை மாற்றுமா என்ற கேள்வியை இங்கிருந்து கேட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் இதைப் பல காலமாக அலசுகிறார்கள் என்பதால் முதலில் அங்கே போய்விட்டு வருவோம்.

அங்கே இந்தப் பேச்சு வந்தால் ஒரு விளம்பரத்தைச் சொல்வார்கள். 1964 செப்டம்பர் 7 அன்று ஒளிபரப்பான 'டெய்சி'. ஒரு சின்னப் பொண்ணு பூவிதழ்களைப் பிய்த்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் எண்ணிக்கை முடியும்போது ஓர் ஆணின் குரல் தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது. பிறகு அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர் எங்கேயும் வராது. ஜான்சன் தரப்பு காசு கொடுத்து அதை ஒளிபரப்பியது ஒரே ஒரு முறை. ஜான்சன் 61 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். ஆனால் விளம்பரம் வருவதற்கு முன்பே கருத்துக்கணிப்புகளில் அவர் வெகுதூரம் முன்னால் இருந்தார். அப்படியிருக்க, அந்தக் குண்டு எத்தனை ஓட்டை மாற்றியது என்று யார் சொல்வது? டிவியில் வருகிற பயம் தூரத்துப் பயம். ஏற்கெனவே பயந்தவர் இன்னும் கொஞ்சம் பயப்படுவார், பயப்படாதவர் சேனலை மாற்றுவார்.

இன்னொரு பயம் இருக்கிறது. அதை அளந்தே காட்டிவிட்டார்கள். 2006-ல் மிச்சிகன் மாநிலத்தில் கெர்பர், கிரீன், லாரிமர் என்ற மூன்று அரசியல் ஆய்வாளர்கள் தேர்தலுக்கு முன்னால் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஒரு வகைக் கடிதத்தில், போன தேர்தல்களில் நீங்களும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்ற பட்டியல் இருந்தது. தேர்தல் முடிந்ததும் புதுப்பட்டியல் வரும் என்றும் அதில் சொல்லியிருந்தது. யாருக்குப் போட்டீர்கள் என்பது அங்கேயும் ரகசியம். ஆனால் போட்டீர்களா என்பது பொது ஆவணம். கடிதமே போகாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பட்டியல் போன வீடுகளில் 37.8 சதவீதம். குண்டு இல்லை, எதிரி இல்லை. தெருவில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சம் மட்டும்தான். அதற்கே எட்டு சதவீதப் புள்ளி.

மிச்சிகனில் அது கூச்சம். அதே நாட்டின் மிசிசிப்பியில் அது உயிர்ப்பயமாக இருந்தது. 1962-ல் அங்கே வந்த ஒரு சட்டப்படி, வாக்காளராகப் பதிய மனு கொடுப்பவரின் பெயரைச் செய்தித்தாளில் போட வேண்டும். பார்ப்பதற்கு வெறும் நிர்வாக நடைமுறை மாதிரி இருக்கும். ஒரு கறுப்பினத் தொழிலாளியின் பெயர் அதில் வந்தால், படிக்க வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் பதியப்போன ஃபேனி லூ ஹேமர், பதினெட்டு வருஷம் வேலை செய்த பருத்தித் தோட்டத்திலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டார். முதலாளிக்குச் செய்தித்தாள்கூடத் தேவைப்படவில்லை.

ஆக, பயம் ஓட்டைத் தொட வேண்டுமென்றால் இரண்டு விஷயம் சேர வேண்டும். என் சோற்றிலோ கூரையிலோ கைவைக்கக்கூடிய ஓர் ஆள். நான் என்ன செய்தேன் என்று அந்த ஆளுக்குச் சொல்லும் ஒரு தகவல். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதால் கத்த மட்டும்தான் முடியும்.

நம்ம ஊர் வரலாற்றை இந்த இரண்டையும் வைத்துப் படித்துப் பாருங்கள். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. பிறகு நடந்த வாக்குப்பதிவில் பெட்டிகள் பறிபோயின. கடைசியில் போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 2006 வரை தேர்தல் ஒழுங்காக நடக்கவே இல்லை. அப்படியே ஒருவர் ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா. ஆதிக்கச் சாதி கூடாது என்று சொன்ன தேர்தலில், வாக்குச்சாவடிக்கு நடந்து போவதே கை தூக்கிப் போடும் ஓட்டு மாதிரி. உள்ளே மறைப்பு அட்டை வைத்து என்ன பிரயோசனம்?

இவை உச்சக்கட்ட உதாரணங்கள். அன்றாடப் பயத்துக்கு அரிவாள் வேண்டாம், எக்செல் போதும். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் படிவம் 20 என்ற ஆவணத்தைத் தேர்தல் ஆணையம் இணையத்தில் போடுகிறது. எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று வரிவரியாக இருக்கும். ஒரு சாவடி என்பது ஆயிரம், ஆயிரத்துச் சொச்சம் பேர். எங்கள் அனந்தபுரம் மாதிரி ஊரில் அது சில தெருக்கள். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு ஊரும் அதன் காலனியும். தெருவுக்கும் சாதிக்கும் உள்ள உறவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கட்சி ஏஜெண்டுகளுக்கு மிச்சக் கணக்கு மனக்கணக்கு. "அந்தப் பக்கம் நமக்கு விழல" என்று எண்ணிக்கை முடிந்த சாயங்காலமே டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். உள்ளாட்சித் தேர்தலில் இது இன்னும் நெருக்கம். வார்டு உறுப்பினர் ஓட்டு சில நூறுதான், சூரங்குடிக் கணக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.

இதை வெளிப்படையாகச் சொன்னவர்களும் உண்டு. 2019 தேர்தல் பிரச்சாரத்தில் மேனகா காந்தி, தனக்கு விழுந்த ஓட்டு சதவீதப்படி கிராமங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து, அந்த வரிசையில்தான் வேலைகள் நடக்கும் என்று பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. கண்டித்த அதே ஆணையம்தான் அந்தப் பட்டியல் போடத் தேவையான எண்களையும் வெளியிடுகிறது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் முறை இருந்தது. மின்னணு இயந்திரம் வந்ததும் அது போயிற்று. தொழில்நுட்பம் வளர வளர ரகசியம் கூடும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 14 இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்து மொத்தத்தை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எங்கே ஆதரவு இருக்கிறது, எங்கே இன்னும் உழைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள கட்சிகளுக்குச் சாவடிவாரிக் கணக்கு உதவும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

எதிர்வாதம் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. சாவடிவாரிக் கணக்கு தெரிவதால்தான் முறைகேட்டைப் பிடிக்க முடிகிறது. அதோடு, ஒரு காலனிக்குத் தன் ஓட்டு மொத்தமாக எங்கே விழுந்தது என்று காட்ட வேண்டிய தேவையும் இருக்கலாம். "நாங்க முந்நூறு ஓட்டு, ரோடு போட்டுக் குடுங்க" என்று பேரம் பேச அந்த எண்தான் கையிருப்பு. அதைப் பறித்துவிட்டு உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பலத்தைக் காட்ட நினைப்பவர் தானாகக் காட்டுவதும், மறைக்க நினைப்பவரை அரசாங்க ஆவணம் காட்டிக்கொடுப்பதும் ஒன்றாகாது. முறைகேட்டைச் சரிபார்க்க நீதிமன்றமும் வேட்பாளரும் கேட்டால் பிரித்துத் தரலாம். எல்லார் செல்போனுக்கும் பிடிஎஃப்பாக வர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இப்போது படத்துக்கு வருகிறேன். 'மண்டேலா' இந்தப் பயத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதற்கு ஒரு நல்ல மனசை மருந்தாகக் கொடுக்கிறது. மண்டேலா தனக்குக் கேட்பதை விட்டு ஊருக்குக் கேட்கத் தொடங்குகிறார். ரோடு, கழிப்பறை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம். கடைசியில் ஊர்க்காரர்கள் அவருக்கு அரணாக நிற்கிறார்கள். பார்க்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த அரண் ஒரு நாளைக்கு நிற்கும். மறுநாள் காலையில் அவர் மரத்தடிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும், ஊர் முழுக்க அவர் ஓட்டைத் தெரிந்துகொண்ட பிறகு.

அதைவிட என்னை உறுத்துவது மற்றவர்கள். வடக்கிலும் தெற்கிலும் இருக்கிற அத்தனை பேரும் சாதிக்குத்தான் போடுவார்கள் என்று இரு தரப்பும் ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்புகிறது. படமும் அதை நம்பி, நகைச்சுவையாகக் கடந்துபோகிறது. அவர்களில் ஒருத்திக்காவது எதிர்ப்பக்கம் போட ஆசை இருந்திருக்காதா? போட்டால் தன் தெருவின் எண்ணிக்கையில் ஒன்று குறையும், யார் அது என்று தேடுவார்கள் என்ற நினைப்பு அவள் கையைப் பிடித்திருக்காதா? நாம் சாதிப் பற்று என்று எழுதிவைக்கிற பல ஓட்டுகளில் எத்தனை பற்று, எத்தனை பயம் என்று பிரித்துப் பார்க்க நம் சினிமா இன்னும் முயலவில்லை. காசு வாங்கிய கையைக் காட்டுவது சுலபம். பயந்த கை பார்ப்பதற்கு மற்ற கைகளைப் போலத்தான் இருக்கும், அதே மை அதே விரலில்.

மண்டேலா மாதிரி ஒற்றை ஓட்டு வைத்திருப்பவரின் கதையைச் சொல்லியாயிற்று. இனி யாராவது அந்த வடக்குத் தெருப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் முன்னால் அவள் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில், யார் யார் அவளோடு உள்ளே வந்து நிற்கிறார்கள் என்பதை.